அம்மாயி பார்த்துக்கொண்டிருக்கிறார்

எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அந்த அக்கா முதலில் பின்வாசலைத்தான் தேடுவார். மலைமேல் செம்மேட்டில் என் கடைக்கு முதல்முறை வந்தபோதும் அப்படித்தான். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ரீசார்ஜ், பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்பது என்று எல்லாம் கலந்த சின்னக் கடை என்னுடையது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர், என்ன வேண்டும் என்று நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பிரிண்டருக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தார்.

"அது எங்க போகுதுங்க?"

"பாத்ரூமுக்குங்க. அதைத் தாண்டுனா சந்து."

"சந்து ரோட்டுக்குப் போயிச் சேருமுங்களா?"

சேரும் என்றேன். அதன் பிறகுதான் உட்கார்ந்தார். ரோடு தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். குழந்தை அவருக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் நின்றது.

கீழ்நாட்டிலிருந்து, மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்தவர். கோயமுத்தூரில் பெரிய பெரிய சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர் என்பது பிறகு தெரிந்தது. மலைக்கு வந்து ஒரு காப்பித் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வளப்பூர் நாட்டுப் பக்கம், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு. அந்த வீட்டின் இரண்டு வாசலிலும் இரண்டு ஜோடி செருப்பு எப்போதும் கிடக்கும். பெரியவருக்கு ஒன்று, சின்னதுக்கு ஒன்று. பின்வாசல் செருப்பை அவர்கள் போட்டு நான் பார்த்ததே இல்லை. டி.வி. சத்தம் வாசலைத் தாண்டாது. "துணி காயப்போடணும்" என்று அம்மா சொன்னால் என்ன விளையாட்டில் இருந்தாலும் பாப்பா எழுந்து பின்வாசல் வழியாக அடுத்த தோட்டத்துக்குப் போய்விட வேண்டும். அப்படிப் பழக்கி வைத்திருந்தார். நான் இருக்கும்போதே ஒருமுறை சும்மா சொல்லிப் பார்த்தார். பாப்பா கையில் இருந்த முறுக்கைக்கூட வைக்காமல் போய்விட்டது. திரும்பி வந்ததும் அதன் தலையைத் தடவி, "நல்லா போனே சாமி" என்றார்.

அவர் வாயில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "இது போனா எது எதெல்லாம் கூடப் போகும்?" காய் வாங்கும்போது, பஸ் ஏறும்போது, எதற்கும் கேட்பார். ஒரு பையில் எல்லாவற்றையும் போட மாட்டார். குடும்பத்தோடு ஊருக்குப் போகிற யாரையாவது பார்த்தால், "எல்லாரும் ஒரே வண்டியிலயா போறாங்க?" என்பார். முதலில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. சரக்கு வண்டி ஓட்டும் என் வீட்டுக்காரர் அவரைப் பற்றிப் பேசும்போது "எதெல்லாம் கூடப் போகும் அக்கா" என்றே சொல்லுவார்.

அவருடைய இடது கை மோதிரவிரல் மடங்காது. டைப் அடிக்கும்போது அது மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். கேட்டால், "கதவுல மாட்டிக்கிச்சு" என்பார். மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், கடையில் வேறு யாரும் இல்லாதபோது, யார் சாத்திய கதவு என்பதையும் சொன்னார். சாத்தியவர் பிறகு அதே கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாராம். ஆஸ்பத்திரிக்கும் அவரே கூட்டிப் போனாராம். நர்சு, "இப்படி ஒரு வீட்டுக்காரர் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கோணும்" என்று சொன்னதாம்.

"கோர்ட்டுல சொல்லிட்டாங்க, எங்க பக்கத்துலயே வரக்கூடாதுன்னு. ஆனாலும் ரெண்டு தடவை கண்டுபுடிச்சிட்டாரு அம்மிணி" என்றார். "மொத தடவை திருச்செங்கோட்டுல இருந்தோம். போன்ல எடுக்கற போட்டோ தானாப் போயி ஒரு எடத்துல சேருமில்ல, அதுல பாத்திருக்காரு. பாப்பா ஒரு மளிகைக் கடை முன்னால நின்ன போட்டோ. கடைப் பேரு தெரிஞ்சுது. மறுநாளே ஸ்வீட் பாக்சோட வாசல்ல வந்து நின்னாரு."

"ரெண்டாவதுங்க்கா?"

"ஆன்லைன்ல படம் பாக்கறதுக்குக் காசு கட்டற கணக்கு. கார்ட்டூனுக்காக பாப்பா கேட்டுச்சுன்னு பழைய கணக்கையே விட்டு வெச்சிருந்தேன். கடைசியா எந்த ஊர்ல இருந்து பாத்தாங்கன்னு அது காட்டிக்குடுத்திருச்சு. நான் பாத்த வேலையே அதுதான். எனக்குத் தோணலை பாரு. அடுத்தவங்க ஊட்டுல நம்ம பொட்டியை வெச்சா, சாவி ஒண்ணு அங்கயும் இருக்கும். இனி எல்லாம் என்ற ஊட்டுக்குள்ளயே இருக்கட்டும்."

படம், பாட்டு, போட்டோ எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துக் காட்டுகிற சர்வர் ஒன்றை அவர் கட்ட ஆரம்பித்தது அப்படித்தான். என்னிடம் ஒரு ஆபீஸ் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் கிடந்தது. நல்ல மெஷின், வெளித்தகரம் மட்டும் ஒடுங்கியிருந்தது. அதற்கு மெமரியைக் கூட்டி, இரண்டு ஹார்டு டிஸ்க் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து ஏற்றினோம். எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் வேறு. விண்டோஸ் போடுவேன், வைரஸ் எடுப்பேன், பிரிண்டரோடு சண்டை போடுவேன். ஒரே மெஷினைப் பல மெஷினாக அவர் பிரித்ததைப் பார்த்து, வீட்டில் கார்ட்டூன் ஓட்ட எதற்கு இத்தனை என்று கேட்டேன்.

"உங்க ஊட்ல ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு அடுப்பு எரியுதில்ல?"

எரிகிறது. ஒரு பாதியில் நாங்கள், மறுபாதியில் என் கொழுந்தனார் குடும்பம்.

"உன்ற கொழுந்தனார் அடுப்புல பால் பொங்கி அணைஞ்சாலும் உன்ற அடுப்பு எரியும். அதுதான் வர்ச்சுவல் மெஷின். கூரை ஒண்ணு, அடுப்பு தனித்தனி. அந்த ஊட்டுச் சண்டை இந்த ஊட்டுக்கு வராது."

"அப்ப கண்டெய்னருங்கறது?"

"அது அடுக்குத் தூக்கு. ஒரே அடுப்புலதான் ஆக்கறோம். ஆனா சோறு ஒரு அடுக்கு, கொழம்பு ஒரு அடுக்கு, ரசம் ஒரு அடுக்கு. ரசம் கொட்டுனா ரசத்தோட போச்சு. சோறு நனையாது."

மெஷினுக்குள் அப்படி இரண்டு வீடு கட்டினார். ஒன்றுக்கு வெளியே போக வழியே கிடையாது. பாப்பா பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோ, வழக்குச் சம்பந்தமான படங்கள் எல்லாம் அதில். அதற்கென்று தனி டிஸ்க். இன்னொரு வீட்டில் படம் காட்டுவது ஒரு அடுக்கு, பாட்டு ஒரு அடுக்கு என்று வைத்தார். எல்லாம் முடிந்து பாப்பா சந்தோஷமாக முயல் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அக்கா வேண்டுமென்றே அந்தப் பட அடுக்கை மட்டும் நிறுத்தினார். முயல் நின்றுவிட்டது. சமையலறை ஸ்பீக்கரில் பாட்டு நிற்காமல் ஓடியது. அவர் முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று. பாப்பா அழுதது அவர் காதில் ஏறவே கொஞ்ச நேரமாயிற்று.

இந்த வீடுகளில் ஒன்றுக்கு வெளிக்கதவு வைத்தது அவருடைய அம்மாவுக்காக. ராசிபுரத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் அக்காவின் தம்பியோடு இருந்தார். பேத்தியைப் பார்த்து வருஷமாகிறது. எங்கே இருக்கிறார்கள் என்று அவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அழுதுகொண்டே யாரிடமாவது சொல்லிவிடுவார் என்று அக்காவுக்குத் தெரியும். போனில், "மூஞ்சியை மட்டும் காட்டு கண்ணு, ஊரைக் காட்டாட்டி போ" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். கடைசியில் அக்கா மனம் இறங்கினார். இரண்டாவது வீட்டுக்கு மட்டும் ஒரு சின்னக் கதவு. அதற்கு ஒரே சாவி, ஒரு பாஸ்வேர்டு. அதில் நாலைந்து வீடியோ. எல்லாவற்றையும் ஓட்டி ஓட்டிப் பார்த்து, மரம், சுவர், கடைப்பலகை எது தெரிந்தாலும் வெட்டி எடுத்த பிறகுதான் உள்ளே வைப்பார். டேப்லெட்டில் எப்படிப் போவது என்று போனில் சொல்லச் சொல்லத் தட்டிக் கொடுத்தது தம்பி. யார் பார்க்கிறார்கள் என்று காட்டும் பக்கத்தையும் தமிழில் மாற்றி வைத்தார். அவர் அம்மா வீடியோ போட்டால் அதில், பாப்பா பாட்டியைக் கூப்பிடுகிற பேரிலேயே, 'அம்மாயி பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்று வரும். பாப்பாவுக்கு அது பெரிய விளையாட்டு. அம்மாயி பார்க்கிறது என்று தெரிந்ததும் திரையைப் பார்த்துக் கையாட்டும்.

பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுத்த அன்று பாப்பாவை மட்டும் படத்தில் வராமல் ஓரமாக உட்கார வைக்கச் சொன்னவர் அவர். ஆண்டுவிழாவிலும் ஆடக்கூடாது என்றார். பாப்பா சாப்பிடாமல் கிடந்தது. ஒரு டீச்சர் வந்து பேசினார், நானும் பேசினேன். வேறு யாரும் படம் எடுக்கக்கூடாது என்ற பேச்சோடு விட்டார். அவரே போனில் எடுத்தார். மேடைக்குப் பின்னால் பள்ளியின் பேர் போட்ட பேனர். அந்த வீடியோவின் மேல்பாதியை முழுக்க வெட்டிவிட்டு, இடுப்புக்குக் கீழ் மட்டும் ஆடுகிற குழந்தைகள், முகத்துக்கு ஒரு தனித் துண்டு என்று ஒட்டிச் சேர்த்து அம்மாவுக்கு வைத்தார். அத்தனை வேலை.

அது நடந்து கொஞ்ச நாள் கழித்து, ஒரு வேலைநாள் மத்தியானம், கரண்ட் போனால் தாங்குகிற பேட்டரி ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மஞ்சு மூட்டம் இறங்கி மரங்களையே காணோம். தோட்டத்தில் அன்று வேலை இல்லை, அக்கா வீட்டில் இருந்தார். பாப்பா பள்ளியில். பேட்டரியை மாட்டிவிட்டு, எல்லாம் ஓடுகிறதா என்று திரையைத் திறந்தோம். அம்மாயி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று இருந்தது. கீழே ஆண்டுவிழா வீடியோ.

"அம்மாவுக்கு இன்னைக்கு வேலையில்லையாட்ட இருக்குது" என்று சிரித்துக்கொண்டே அக்கா போன் போட்டார். ஸ்பீக்கரில்தான் பேசினார்.

"வெங்காயக் காட்டுல நிக்கறேன் கண்ணு, ஆளுக அறுத்துட்டிருக்காங்க. என்ன விசயம்?"

"டேப்லெட்டு கையில வெச்சிருக்கியாம்மா?"

"காட்டுக்கு எதுக்குக் கொண்டாரேன்? ஊட்ல கெடக்குது. உன்ற தம்பியும் இங்கதான் இருக்கான். ஊடு பூட்டியிருக்குது."

நான் திரையைப் பார்த்தேன். வீடியோ எவ்வளவு ஓடியிருக்கிறது என்று காட்டும் கோடு கடைசி வரை போயிற்று. பிறகு கொஞ்சம் பின்னால் வந்தது. மறுபடி கடைசிக்குப் போயிற்று. மறுபடி பின்னால். யாரோ கடைசித் துண்டை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

"தம்பிகிட்டக் குடும்மா" என்றார்.

தம்பி முதலில் தெரியாது என்றான். அக்கா குரலை உயர்த்தவில்லை. "சாவியை யாருக்குக் குடுத்தே?" என்று அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டார். அவன் அழ ஆரம்பித்துவிட்டான்.

"மாமா வந்திருந்தாருக்கா. ஊட்டுக்குள்ளகூட வரலை, வாசல்லயே நின்னாரு. பெத்த புள்ளை மொகத்தை ஒருக்காப் பாத்துக்கறேன்டான்னாரு. பாவமா இருந்துச்சு. எந்த ஊருன்னு எனக்கே தெரியாதே, வீடியோ பாத்தா என்ன ஆயிருமுன்னு..."

அக்கா போனை வைத்துவிட்டார். தம்பி மேல் அவருக்குக் கோபம் வந்த மாதிரியே தெரியவில்லை. "அவரு பேசுனா யாருக்கும் பாவமாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னார். பிறகு எங்கள் பக்கத்தில் அதே வீடியோவைப் போட்டுக் கடைசிக்குக் கொண்டுபோனார். ஆட்டம் முடிந்து பாப்பா மேடையிலிருந்து இறங்கி அம்மாவிடம் ஓடி வருகிறது. ஒரு கை நீண்டு அதன் நெற்றி வேர்வையைத் துடைக்கிறது. அந்த நேரம் போன் ஆடியிருக்கிறது. பாப்பாவின் தோளுக்கு மேல் பேனரின் ஒரு மூலை வந்து போகிறது. ஊர்ப் பேர் இருந்த மூலை. ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருக்கும்.

என் கை தானாக பிளக்கைப் பிடுங்கப் போயிற்று. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கை ஐஸாக இருந்தது.

"புடுங்காத அம்மிணி. நிறுத்துனா நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சுக்குவாரு. இது ஓடற வரைக்கும் அவரு எங்கியோ ஒக்காந்திருக்காரு."

"எங்கீங்க்கா ஒக்காந்திருக்காரு?"

"போன் நெட்டுல பாக்கறாரு. ஊரு சரியாத் தெரியாது. கோயமுத்தூராவும் இருக்கலாம். கீழ காரவள்ளியில டீ குடிச்சிட்டும் இருக்கலாம்."

என் ஸ்கூட்டர் சாவியை வாங்கிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினார். அம்மா வராமல் யாரிடமும் குழந்தையை விடக்கூடாது என்று அவரே அங்கே சொல்லி வைத்திருந்ததால் நான் போக முடியாது. "நீ இதைப் பாத்துட்டே இரு. நின்னுச்சுன்னா போன் பண்ணு" என்றார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, பின்வாசல் தாழ்ப்பாளைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

அந்த வீட்டில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். மஞ்சு ஜன்னல் கம்பி வரை வந்திருந்தது. மெஷினின் விசிறிச் சத்தம். திரையில் கோடு போகிறது, வருகிறது, போகிறது. சில சமயம் அப்படியே நிற்கும், நான் போனை எடுப்பேன், பிறகு நகரும். அந்தப் பக்கம் இருப்பவர் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய விரல் என் கண்ணுக்கு முன்னால் அசைந்துகொண்டிருந்தது. மூச்சைச் சத்தமாக விட்டால் அவருக்குக் கேட்டுவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். கேட்காது என்று தெரியும். இருந்தாலும் பொத்திக்கொண்டிருந்தேன்.

கோடு நின்றது. இந்தத் தடவை நகரவில்லை. 'யாரும் பார்க்கவில்லை' என்று எழுத்து மாறியது.

அக்காவுக்குப் போன் அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அடித்தேன். மறுபடியும் அதே. பள்ளிப் பக்கம் டவர் கிடைக்காது என்பது எனக்குத் தெரிந்ததுதான். என் வீட்டுக்காரருக்கு அடித்தேன். அவர் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தார். "வண்டியை எடுத்துட்டு அக்கா ஊட்டுக்கு வாங்க" என்று மட்டும் சொன்னேன். "லோடு பாதியில நிக்குது புள்ள" என்றவர், என் மூச்சைக் கேட்டுவிட்டு, "வாரேன்" என்றார்.

வெளியே செருப்புச் சத்தம். முன்வாசலில். நான் எழுந்து பின்வாசலுக்குப் போய், அங்கே கிடந்த அக்காவின் செருப்பில் காலை நுழைத்துவிட்டேன். நான் ஏன் ஓட வேண்டும் என்றெல்லாம் யோசிக்கவில்லை.

"சித்தி" என்றது பாப்பா.

அக்கா அதன் பின்னால் வந்தார். கேட்காமலே என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். பாப்பாவிடம், "துணி காயப்போடணும் சாமி" என்றார். பாப்பா புத்தகப் பையைக் கழற்றாமலே பின்வாசல் பக்கம் நடந்தது. அக்கா மெஷினைத் திறந்து, கதவில்லாத வீடு இருந்த டிஸ்க்கை மட்டும் கழற்றினார். மடங்காத விரலைத் தூக்கிக்கொண்டே திருப்புளியால் ஆணிகளைத் திருகினார், ஒரு தடவைகூட நழுவவில்லை. மற்றதை ஓடவிட்டார்.

"ரெண்டு நாளைக்கு இது ஓடட்டும் அம்மிணி. நாங்க இன்னும் இங்கதான் இருக்கம்னு நெனைச்சுக்கட்டும். பொறவு டிஸ்க்கை ஒடைச்சுப் போட்டுரு."

பீரோவுக்கு அடியில் எப்போதும் கட்டியே இருந்த இரண்டு பைகளையும் இழுத்தார். என் வீட்டுக்காரர் பாதி லோடோடு வந்து நின்றார். காரவள்ளி வழி வேண்டாம், முள்ளுக்குறிச்சி வழியாக இறங்குங்கள் என்று அக்கா சொன்னார். எங்கே கொண்டுபோய் விடவேண்டும் என்று அவர் கேட்டதற்கு, "கீழ எறங்குனதும் சொல்றனுங்க" என்றார். முன்சீட்டில் பாப்பாவைக் கீழே குனிந்து உட்கார வைத்து மேலே தன் சேலையைப் போட்டார். என்னிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். வண்டி மஞ்சுக்குள் போய்விட்டது. அவரை நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

மறுநாள் காலை கடை திறந்து சாமிப் படத்துக்குப் பத்தி காட்டிக்கொண்டிருந்தேன். ஒருவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஒல்லியான ஆள். தேய்த்த சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு பித்தளைத் தூக்கு.

"ஏனுங்க அம்மிணி, ஒரு கலர் பிரிண்ட் போட்டுக் குடுப்பீங்களா?"

போனை நீட்டினார். நெற்றியைத் துடைக்கிற கை. பாப்பாவின் முகம். தோளுக்கு மேல் பேனரின் மூலை.

போனை வாங்கிக் கேபிளை மாட்டினேன். பிரிண்டர் மெதுவாகப் படத்தைத் தள்ளியது. முதலில் பேனர், பிறகு முடி, பிறகு கண்.

"என்ற பொண்ணுங்க" என்றார். "அவங்கம்மா கோவிச்சுக்கிட்டுக் கூட்டிட்டு வந்துட்டா. தப்பு என் மேலதானுங்க, இல்லீங்கல. எங்கம்மா வெல்லமும் பருப்பும் வெச்சு ஒப்பிட்டு சுட்டுக் குடுத்துவிட்டிருக்காங்க, பாப்பாவுக்குப் புடிக்கும். ஒரு வாயி ஊட்டிட்டுத் திரும்பிப் போயிருவேன்." கண் நிறைந்து வழிந்தது. துடைக்காமல் நின்றார். "இந்தப் பக்கம் பாத்திருக்கீங்களா?"

நான் அத்தனையும் கேட்டவள். அந்த விரலைப் பார்த்தவள். இருந்தும் எனக்குப் பாவமாக இருந்தது. என் வாய்க்குள் ஒரு வார்த்தை உருண்டது. நேத்துதாங்க போனாங்க என்றோ, என் வீட்டுக்காரர்தாங்க கொண்டுபோயி விட்டாரு என்றோ, என்னவோ ஒன்று. என் வாழ்க்கையில் நான் மிகவும் பயந்தது அந்தக் கணத்தில்தான். அவரைப் பார்த்து வந்த பயம் இல்லை அது.

படம் முழுசாக வெளியே வந்தது. அவர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்லா வந்திருக்குதுங்க என்றார். பிறகு மேசை மேல் வைத்து, பாப்பாவின் நெற்றி மேல் இருந்த அந்தக் கையைச் சுட்டுவிரலால் தொட்டார்.

"இந்தக் கை வேண்டாங்க. எடுத்துட்டுப் போட முடியுமுங்களா?"

குரல் மாறவே இல்லை. அதே பணிவு, அதே ஈரக் கண். நான் பதில் சொல்வதற்குள், என் கத்தரிக்கோலை எடுத்து அவரே வெட்ட ஆரம்பித்துவிட்டார். குழந்தையின் நெற்றியோரம் சேதமாகாமல், ஒவ்வொரு விரலாகச் சுற்றி, பொறுமையாக வெட்டினார். மடங்காமல் நீட்டியிருந்த விரலுக்கு வந்தபோது கொஞ்சம் நிறுத்திப் பார்த்துவிட்டு அதையும் வெட்டினார்.

"பாக்கலீங்க" என்றேன். "ஸ்கூலுப் பக்கம் கேட்டுப் பாருங்க."

நன்றி சொல்லிவிட்டுப் போனார். வெட்டிய கை என் மேசையில் கிடந்தது. பின்கதவைத் திறந்து சந்துக்குப் போய், அக்கா என் போனில் பதிந்து வைத்திருந்த பெண் போலீஸ் அதிகாரி ஒருவரின் எண்ணுக்குப் பேசினேன். கோர்ட் உத்தரவை மீறி வந்திருக்கிறார் என்று சொன்னேன். போலீஸ் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது அவர் கேட்டுக்கு எதிரே மரத்தடியில் தூக்கோடு நின்றுகொண்டிருந்தாராம். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். கூட்டிப் போன போலீஸ்காரர்களுக்குத் தூக்கிலிருந்த ஒப்பிட்டைக் கொடுத்தாராம். சில நாளில் வெளியே வந்துவிட்டார் என்றும் கேள்விப்பட்டேன். அதன் பிறகும் இரண்டொரு முறை வந்தார். என் கடைக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பார். நான் நிமிர்ந்தால் மரியாதையாகத் தலையசைப்பார். அந்த நாட்களில் நான் பின்கதவைப் பூட்டியதே இல்லை. பிறகு வருவது நின்றுபோயிற்று.

அக்கா சொன்னபடி அந்த டிஸ்க்கை வீட்டுக்காரர்தான் சுத்தியலால் உடைத்தார். உள்ளே கண்ணாடி மாதிரி பளபளத்த தட்டு வளைந்து கொடுத்ததே தவிர லேசில் உடையவில்லை. "இவ்வளவு பயந்துட்டு ஒரு மனுசி எப்படிப் பொழைக்கறது?" என்றார் வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "பயந்ததுனாலதாங்க பொழைச்சாங்க" என்றேன். கீழே எந்த ஊரில் இறக்கிவிட்டீர்கள் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இன்றுவரை அந்த ஒன்றை மட்டும் நாங்கள் பேசியதில்லை.

பல மாதம் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு போன் வந்தது.

"சித்தி, எனக்குப் பல்லு விழுந்திருச்சு" என்றது பாப்பா.

மேலா கீழா என்று கேட்டேன். பிறகு அக்கா வந்தார்.

"ரெண்டு பேரும் இருக்கம் அம்மிணி."

"சாப்பாடு, தண்ணி, எல்லாம்...?"

"எல்லாம் ஆச்சு. பேசி முடிச்சதும் இந்த நம்பரை அழிச்சிரு. உங்கிட்ட இருந்தா உனக்குத்தான் செரமம்."

சரிங்க்கா என்றேன். அவருக்குப் பின்னால் ஏதோ பஸ் ஸ்டாண்டு இரைச்சல். ஒரு கண்டக்டர் தொண்டை கிழிய ஊர்ப் பேர்களைக் கூவிக்கொண்டு அவர்கள் பக்கமாக வருவது கேட்டது. ஒரு பேர்கூடத் தெளிவாகக் காதில் விழுவதற்குள் போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். மறுபடி எடுத்துப் பார்த்தபோது இணைப்பு போயிருந்தது.